புதுப்பிப்பு: பாமினியிலிருந்து யூனிகோட், இன்டிசைனில் கொம்பு இடம்மாறும் சிக்கல் தீர்ந்தது

திருகோணமலையில் அச்சுக்குப் போகவிருந்த 160 பக்கக் கவிதை நூலைப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றி, இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் இட்டதும், 'கெ', 'கொ' எழுத்துகளில் கொம்பு பின்னால் போய் நிற்பதாகக் கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி.

எழுத்துருவை மாற்றிப் பலனில்லை. கைகொடுத்தது, தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் 'வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்ற இன்டிசைன் தெரிவைப் பயன்படுத்தும் யோசனைதான். பந்திப் பாணியிலேயே (பாராகிராஃப் ஸ்டைல்), ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் அதைத் தெரிவுசெய்யுங்கள்; பந்தி பந்தியாக மாற்றினால் புதிதாக ஒட்டும் வரிகள் மறுபடி உடையும்.

எதிர்பாராதது ஒன்று: யூனிகோடுக்கு மாற்றியபோது, ஆங்கில எழுத்துருவில் இட்டிருந்த காற்புள்ளிகள் எல்லாம் 'இ' ஆகிவிட்டன. பாமினியில் அந்த விசைக்கு 'இ'தான். மின்னஞ்சல் முகவரியும் அப்படியே உருக்குலையும், அதனால் ஆங்கிலப் பகுதிகளைப் பிரித்து வைத்துவிட்டு மாற்றுங்கள்.

யூனிகோடில் பக்கம் 176 ஆனது. 16 பக்க ஃபாரம் (ஒன்றாக அச்சடித்து மடிக்கும் பக்கத் தொகுதி) 11, கணக்குச் சரி. ஆனால் நூலின் முதுகு அகலம் மாறும்: 88 தாள், தாளுக்கு ஏறக்குறைய 0.1 மிமீ, ஆக 8.8 மிமீ. அட்டையை இதற்குப் பிறகே முடியுங்கள்.

நூலின் சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை இலங்கையில் தருவது தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை. மின்னூலுக்கும் அச்சுநூலுக்கும் ஒரே எண்ணைப் போடாதீர்கள்.

வெளியீட்டு விழாவுக்கு: முதற்பிரதி, சிறப்புப் பிரதி பெறுவோர் பட்டியலை அழைப்பிதழ் அடிக்கும் முன்பே உறுதிசெய்யுங்கள். அச்சுக்கூலியில் பெரும்பங்கு, பிரதி பெறும்போது அவர்கள் பணம் வைத்துத் தரும் கடிதவுறைகளில்தான் திரும்பி வரும்.