மறு: மறு: ‘ஒரிஜினல் பிரஸ்ஸிங்’ – முதல் ஈடுன்னு சொல்லலாமா?

எல்லாருக்கும் வணக்கம்,

‘ஒரிஜினல் பிரஸ்ஸிங்’குக்கு, அதாவது ஒரு இசைத்தட்டு வெளிவந்தப்போ ஆலையில முதல்ல போட்ட பிரதிகளுக்கு, தமிழ்ல என்ன சொல்லலாம்ங்கற இந்த இழை ‘முதல் பதிப்பு’ன்னு முடிவாகி நம்ம சொல்பட்டியல்ல ஏறப் போகுதுன்னு தெரியுது, ஒரு ரெண்டு நாள் பொறுங்கப்பா, எனக்கு இதுல சொந்தக் காசு போயிருக்கு அதனால கொஞ்சம் நீட்டித்தான் எழுதப் போறேன்.

> புத்தகத்துக்கு முதல் பதிப்புன்னு சொல்றோம், இசைத்தட்டுக்கும் அதே போதுமே. எதுக்குப் புதுசா ஒண்ணு?

போதாது. மூணு வருஷம் முன்னாடி இங்க நியூஜெர்சியில ஒரு பழைய ரெக்கார்டு கடையில ஜாஸ் சாக்ஸபோன்காரர் வெயின் ஷார்ட்டரோட ‘ஸ்பீக் நோ ஈவில்’ கிடைச்சுது. ஃப்ரெடி ஹப்பர்ட், ஹெர்பி ஹான்காக், ரான் கார்ட்டர், எல்வின் ஜோன்ஸ் கூட வாசிக்க, 1964 டிசம்பர் 24ல ஒலிப்பதிவாளர் வான் கெல்டரோட ஸ்டுடியோவுல பதிவு பண்ணி 1966ல வெளிவந்தது. தட்டு நடுவுல இருக்கற காகித லேபிள்ல ‘நியூயார்க் யுஎஸ்ஏ’ன்னு இருந்துச்சு. அது புளூ நோட்டுங்கற ஜாஸ் கம்பெனியோட தட்டு, அதைச் சேகரிக்கிறவங்க லேபிள்ல அச்சடிச்ச முகவரியை வச்சுத்தான் காலம் சொல்லுவாங்க, முதல்ல லெக்சிங்டன் அவென்யூ, அப்புறம் 47 வெஸ்ட் 63, அறுபதுகள்ல வெறும் நியூயார்க் யுஎஸ்ஏ. கடைக்காரர் ஒரிஜினல்னார், லேபிளும் ஒத்துப்போச்சு, கொடுத்த காசை இங்க எழுத மாட்டேன் ஏன்னா என் மாமனாரும் இந்தக் குழுமத்துலதான் இருக்கார்.

வீட்டுக்கு வந்து வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தா காது இல்ல!

காதுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: புளூ நோட்டுக்கு ரொம்ப வருஷம் தட்டு போட்டுக் கொடுத்தது நார்த் பிளெய்ன்ஃபீல்டுல இருந்த பிளாஸ்டிலைட்டுங்கற ஆலை. பாட்டு முடிஞ்சு லேபிள் தொடங்கறதுக்கு நடுவுல வெறும் கருப்பா ஒரு வளையம் இருக்கும்ல, அங்க அவங்க ஒரு குறி போடுவாங்க, சுழிச்சு எழுதின ‘பி’ எழுத்துதான் அது, பார்க்க மனுஷக் காது மாதிரி இருக்கும். புளூ நோட்டை லிபர்ட்டி கம்பெனி வாங்கினதும் 1966ல பிளாஸ்டிலைட்ல தட்டு போடறது நின்னுபோச்சு. ஆனா பழைய லேபிள் கட்டுக்கட்டா மிச்சம் இருந்துச்சே, அதை யாரு தூக்கிப் போடுவா? வேற ஆலையில அதே லேபிளை வச்சு தட்டு போட்டாங்க. அதுல ஒண்ணுதான் என்கிட்ட வந்து மாட்டியிருக்கு.

இப்ப சொல்லுங்க, இது முதல் பதிப்பா ரெண்டாம் பதிப்பா? இசை அதே இசை, அட்டை அதே அட்டை, லேபிள் அதே லேபிள், அந்தக் கருப்பு வளையத்துல வான் கெல்டர் போடற முத்திரை கூட அப்படியே இருக்கு. பதிப்புன்னா உள்ள இருக்கற பாடத்தைப் பத்தின சொல். உ.வே.சா. 1887ல சிந்தாமணி போட்டார், அப்புறம் வந்த பதிப்புகள்ல திருத்தம் சேர்த்தார், அங்க பதிப்புங்கற சொல்லுக்கு வேலை இருக்கு. இங்க ஒரு எழுத்தும் மாறல, மாறினது ஆலைதான். அதுக்குத்தான் நமக்கு ஒரு சொல் இல்ல.

தட்டு எப்படி வருதுன்னு ஒருதரம் பார்த்துட்டா சொல் தானா வந்துரும்னு நினைக்கிறேன். முதல்ல அலுமினியத் தகட்டு மேல லாக்கர் பூசி அதுல ஊசியால வெட்டுவாங்க (இதுக்கு ‘அரக்குத்தட்டு’ன்னு போன மாசம் ஒருத்தர் சொன்னார், தயவுசெஞ்சு வேண்டாம், நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்தற பாட்டி வீட்டுப் பழைய தட்டுதான் நெசமான அரக்கு, இது நைட்ரோசெல்லுலோஸ், ரெண்டும் குழம்பிடும்). அது மேல வெள்ளி பூசி நிக்கல் ஏத்தி உரிச்சா தந்தைத்தகடு, அதுல இருந்து தாய்த்தகடு, தாய்ல இருந்து ஸ்டாம்பர், அதாவது அச்சுத்தகடு. தாயைப் போட்டுக் கேக்கலாம், அப்பனையும் ஸ்டாம்பரையும் முடியாது, மேடு பள்ளம் தலைகீழா இருக்கும். கடைசியில சூடான பிளாஸ்டிக் உருண்டை, அதுக்கு ஆலையில பேரே பிஸ்கட், அதை ரெண்டு அச்சுத்தகட்டுக்கு நடுவுல மேலயும் கீழயும் லேபிளோட வச்சு நீராவிச் சூட்டுல அமுக்கி, உடனே தண்ணி விட்டு ஆறவச்சு, பிதுங்கின ஓரத்தை நறுக்கி எடுத்தா தட்டு. பசை கிடையாது, லேபிள் அந்தச் சூட்டுலயே ஒட்டிக்கும். ஸ்டாம்பர் ஆயிரம் சொச்சம் தட்டுக்கு மேல தேய ஆரம்பிச்சிரும், மாத்தணும்.

மாவு, தட்டு, ஆவி. எங்க அம்மா இதுக்கு என்ன சொல்லுவாங்க? ஈடு. ‘ஒரு ஈடு எடுத்தாச்சு, ரெண்டாவது ஈடு வச்சிருக்கேன்’. முறுக்குக்கும் அதே சொல்தான். ஒரே மாவு, ஒரே தட்டு, ஆனா முதல் ஈட்டு இட்லி வேற, கடைசி ஈட்டு இட்லி வேற, இது தெரியாத தமிழன் இல்ல. பிரஸ்ஸிங்குங்கறது அச்சு அசல் இதுதான். இடுங்கற வினையில இருந்து வர்ற சொல், வெளியீட்டுக்குள்ளயும் அதே ஈடுதான் இருக்கு. அதனால வெளியீடு ஒண்ணு, ஈடு பலன்னு அழகா பிரிச்சுக்கலாம். ஒரிஜினல் பிரஸ்ஸிங் = முதல் ஈடு. ரீபிரஸ் = மறு ஈடு. என் ஷார்ட்டர் தட்டு முதல் வெளியீடு, ஆனா மறு ஈடு. ரெண்டே சொல்லுல என் சோகம் முழுக்க அடங்கிருச்சு பாருங்க.

– நியூஜெர்சியிலிருந்து

———

மாப்பிள்ளை,

தட்டு விலையை ஞாயித்துக்கிழமை போன்ல பேசிக்கலாம்.

ஈடு நல்ல சொல், மறுக்கல. உங்க அத்தை கேட்டுட்டு ‘இட்லிக்கு இவ்வளவு மரியாதையா’ன்னு சிரிக்கறா. ஆனா நான் முப்பது வருஷம் அச்சகத்துல புரூஃப் பார்த்தவன், கண்ணு வேற எங்கயோ போகுது. நீங்க இடைவெளி விட்டு ‘முதல் ஈடு’ன்னு எழுதறீங்க. நாளைக்கு எவனோ ஒரு கம்பாசிட்டர், இப்பல்லாம் கம்பாசிட்டர் எங்க, ஏதோ ஒரு மென்பொருள், சேர்த்துப் போட்டுச்சுன்னா என்ன ஆகும்? முதலீடு. ‘அவர் புளூ நோட் முதலீடு வைத்திருக்கிறார்’னு வரும். வங்கிக்காரன் வந்து நிப்பான். அடகுக்கும் ஈடு, இணைக்கும் ஈடு, திருவாய்மொழி வியாக்கியானத்துக்கும் ஈடு, அது வேற முப்பத்தாறாயிரப்படி. வரிசை ஏற்கெனவே நீளம்.

இன்னொண்ணு. அச்சுத்தொழில்ல நாங்க பதிப்பு வேற, மறுஅச்சு வேறன்னுதான் வச்சிருந்தோம். திருத்தினா மறுபதிப்பு, அப்படியே ஓட்டினா மறுஅச்சு. ‘முதல் அச்சு’ன்னு போனா என்ன குறை? அச்சுக்கு வார்க்கற அச்சுங்கற பொருளும் இருக்கு, அச்சு வெல்லம் அப்படித்தானே வருது.

———

வணக்கமுங்க, கோவையில இருந்து எழுதறேன்.

ஐயா சொல்ற முதலீடு விஷயம் பெரிய சிக்கல்தானுங்க, அதுவும் இன்னைக்கு இந்தத் தட்டை வாங்கறவன்ல பாதிப்பேரு கேக்கறதுக்கு வாங்கறதில்ல, பிரிக்காம வச்சு விக்கறதுக்குத்தான் வாங்கறான், அவனுக்கு முதலீடுங்கறதே சரியான சொல்லா இருக்கும். ஆனா அச்சு வேண்டாமுங்க. அச்சுன்னா ஸ்டாம்பரா, அந்த ஸ்டாம்பர் போட்ட தட்டுக் கட்டா, லேபிள்ல அடிச்ச எழுத்தா, மூணும் ஒரே சொல்லுல வந்து நிக்கும். தட்டு விஷயத்துல ஈடு வேறொண்ணையும் குறிக்காதுங்க, ஒரு தரம் உலையேத்தி இறக்கினது மட்டும்தான். தலைப்பிரசவம், தலைதீபாவளி மாதிரி ‘தலை ஈடு’ன்னு வச்சா என்னங்க?

நமக்கு இதுல ஒரு பாத்தியதையும் இருக்குங்க. ஜாஸ்ல ஹார்ப் வாசிச்ச ஆலிஸ் கோல்ட்ரேன் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ன்னு ஒரு தட்டு போட்டாங்களே, 1971ல இம்பல்ஸ்ங்கற கம்பெனி வெளியீடு, ஃபரோவா சாண்டர்ஸ் சோப்ரானோ சாக்ஸபோன் வாசிப்பாரு, பின்னால தம்புரா ஓடிட்டே இருக்கும், அந்த சச்சிதானந்த சுவாமி நம்ம செட்டிபாளையத்துக்காரருங்க, 1914ல பொறந்தவரு, 1969ல அமெரிக்காவுல வுட்ஸ்டாக் இசைவிழா மேடையில தொடக்க உரை பேசினதும் அவருதான். எங்க பக்கத்து ஊரு மனுஷன் பேருல ஒரு ஜாஸ் தட்டுன்னு தெரிஞ்ச நாள்ல இருந்து தேடி ஒண்ணு பிடிச்சேன். கருப்பு லேபிள், சுத்தியும் சிவப்பு வளையம். அதே தட்டு எழுபதுகள் நடுவுல பச்சை லேபிள்லயும் வந்திருக்குதுங்க. என்னுது எந்த ஈடுன்னு சொல்ல எனக்கும் ஒரு சொல் வேணும்.

அப்பறம் அந்த வெறும் வளையம். ‘டெட் வேக்ஸ்’ங்கறதுக்கு ‘செத்த மெழுகு’ன்னு ஒருத்தர் போட்டிருக்காரு, படிச்சதும் சவப்பெட்டிக் கடை ஞாபகம் வந்துருச்சுங்க. சேலைக்குக் கரை இருக்கற மாதிரி தட்டுக்கு உள்பக்கம் அது ஒரு கரைதானுங்களே. உள்கரை.

———

கோவை அண்ணே, தலை ஈடு சேர்ந்தா தலையீடு. முதலீட்டுல தப்பிச்சு நேரா கலெக்டர் ஆபீஸ்ல போய் விழுந்துட்டோம்.

ரெண்டு நாளா யோசிச்சேன், மாமா சொன்னதும் சரி, கோவை அண்ணன் சொன்னதும் சரி, தப்பு என்னோடதுதான், அதுவும் ‘ஈடு’ங்கறதுல இல்ல ‘முதல்’ங்கறதுல. ஏன்னா முதல்னு ஒண்ணைக் காட்டவே பல நேரம் முடியாது. டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ் அறுபதுகள்ல வச்சிருந்த ஐவர் குழுவோட தட்டெல்லாம் கொலம்பியா கம்பெனி வெளியீடு. ‘மைல்ஸ் ஸ்மைல்ஸ்’ வந்த 1967ல கொலம்பியாவுக்கு நியூஜெர்சி பிட்மன்ல ஒரு ஆலை, இந்தியானாவுல டெர்ரே ஹோட்ல ஒண்ணு, கலிஃபோர்னியா சாண்டா மரியாவுல ஒண்ணு. பல லாக்கர் வெட்டி ஆலைகளுக்குப் பிரிச்சு அனுப்பிடுவாங்க. உள்கரையில 1ஏ, 1பி, 1சின்னு இருக்கும், 1ஏ கிடைச்சா கண்ணுல ஒத்திக்கறவங்க இருக்காங்க, ஆனா அது லாக்கருக்கு வச்ச வரிசை, தட்டு வெளிய வந்த வரிசைன்னு அர்த்தமில்ல. கல்யாண வீட்டுல மூணு அடுப்புல ஒரே நேரத்துல கொப்பரை ஏறுது, எது முதல் ஈடு? எல்லாமேதான்.

இந்தப் பக்கம் இன்னொரு கூத்து. காது இருந்தாத்தான் ஒரிஜினல்னு நான் அடிச்சுப் பேசிட்டிருந்தேன்ல, பியானோக்காரர் மக்காய் டைனரோட ‘தி ரியல் மக்காய்’ 1967 ஏப்ரல் 21ல பதிவானது, பிளாஸ்டிலைட் கதை அதுக்கு முந்தின வருஷமே முடிஞ்சுபோச்சு, அதனால அதுக்குக் காது இருக்கவே முடியாது. அங்க லிபர்ட்டி ஈடுதான் முதல், என் ஷார்ட்டர் தட்டுல லிபர்ட்டி ஈடுன்னா ஏமாந்தவன். சன் ராங்கற ஜாஸ் குழுத்தலைவர் விஷயம் இதுக்கெல்லாம் மேல, எல் சாட்டர்ன்னு சொந்தக் கம்பெனி, சின்னச் சின்ன ஈடா போட்டு அட்டையில பலதைக் கையாலயே வரைஞ்சு கச்சேரியில வித்தாங்க, அங்க போய் முதல் எது மறு எதுன்னு நின்னா பைத்தியம்தான் பிடிக்கும்.

அதனால ‘முதல் ஈடு’ங்கற என் முன்மொழிவை நானே வாபஸ் வாங்கிக்கறேன், ‘ஈடு’ மட்டும் நிக்கட்டும். முன்னால என்ன போடணுமோ அதைப் போட்டுக்கலாம், பிளாஸ்டிலைட் ஈடு, லிபர்ட்டி ஈடு, டெர்ரே ஹோட் ஈடு. வரிசை உறுதியாத் தெரிஞ்சா ஒண்ணாம் ஈடு, ரெண்டாம் ஈடு. மாமா, ஒண்ணாம் ஈட்டை எப்படிச் சேர்த்துப் போட்டாலும் வேற அர்த்தம் வராது, பார்த்துட்டேன். தட்டு வந்த காலத்துலயே போட்டதுங்கற பொதுவான ‘ஒரிஜினல்’க்கு ‘காலத்து ஈடு’ன்னு வச்சிருக்கேன், ‘அந்தக் காலத்து’ங்கற வாசனை அடிக்குது, எனக்கு அது பிடிச்சிருக்கு, பிடிக்காதவங்க சொல்லுங்க.

உள்கரை ரொம்பப் பிரமாதம் அண்ணே, எதிர்ப்பே இல்ல. அதுல வெட்டியிருக்கற எழுத்துக்கு கல்வெட்டு மாதிரி ‘கரைவெட்டு’ன்னு நான் சேர்த்துக்கறேன். உங்க ஆலிஸ் தட்டோட கரைவெட்டை எழுதி அனுப்புங்க, வான் கெல்டர் முத்திரை இருக்கான்னு பாருங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க: அந்த முத்திரை லாக்கர்லயே விழுந்தது, தாய் வழியா அந்த லாக்கரோட எல்லா ஈட்டுக்கும் போகும், அது மரபு மாதிரி. பிளாஸ்டிலைட் காது அப்படி இல்ல, அது ஆலை குத்தின பச்சை, அந்த ஈட்டோட நின்னுரும்.

‘போஸ்ட்-பாப்’ பத்தியும் ஒருத்தர் கேட்டிருந்தார், பிபாப்புங்கற ஜாஸ் பாணிக்கு அடுத்து வந்தது அது. அப்படியே எழுதினா பாப் பாட்டுக்கு அப்புறம் வந்ததுன்னுதான் நம்ம ஜனம் படிக்கும், நம்ம எழுத்துல bop, pop ரெண்டுமே பாப்தானே. ‘பிபாப்புக்குப் பின்’னு போட்டுட்டுப் போயிரலாம். ஸ்பிரிச்சுவல் ஜாஸுக்கு பக்தி ஜாஸ் வேண்டாம், ஆன்மிக ஜாஸே இருக்கட்டும். ஃபரோவா சாண்டர்ஸோட ‘கர்மா’வுல ஒரே பாட்டு 32 நிமிஷத்துக்கு மேல, முதல் பக்கத்துல அடங்காம பாதியில வெட்டி மறுபக்கம் போகும், தட்டைத் திருப்பறதுக்குள்ள ஊசி உள்கரையில சும்மா சுத்திட்டு கெடக்கும், அந்த நேரத்துல கரைவெட்டைப் படிக்கறதை பக்தின்னு எப்படிச் சொல்ல.

பட்டியலுக்கு: ஈடு, காலத்து ஈடு, மறு ஈடு, தாய்த்தகடு, அச்சுத்தகடு, உள்கரை, கரைவெட்டு. மறுப்பு இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதுங்க.

மாமா, ஞாயித்துக்கிழமை நான் வீட்டுல இருக்க மாட்டேன்.