மறு: மறு: வேக சார்ஜிங்கின் நிஜ வேகத்துக்கு என்ன சொல்? என் பரிந்துரை ‘மின்னேற்பு’

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

இடையில் மேட்டுப்பாளையம் போய் வந்ததால் இந்த இழையின் மடல்களை நேற்று இரவுதான் ஒரே மூச்சில் படித்தேன். இதுவரை வந்திருப்பவை: மின்னேற்ற வேகம், மின்னூட்ட விரைவு, மெய்வேகம், நிகர ஏற்றம். நான்கிலும் எனக்கு ஒரே குறைதான். எல்லாமே சார்ஜர் பக்கம் நின்றுகொண்டு பேசுகின்றன. நாம் பெயர் தேடுவதோ வண்டிக்குள் நடக்கிற ஒன்றுக்கு: பலகையில் எழுதியிருக்கும் எண்ணுக்கல்ல, மின்வண்டியின் மின்கலத்துக்குள் மின்சாரம் நிஜமாகப் போகிற வேகத்துக்கு.

முதலில் என் குறிப்பேட்டிலிருந்து ஒரு பக்கம். என் மின்காரின் மின்கலத் தொகுதி 40 யூனிட். (கிலோவாட் மணி என்று எழுதாமல் மின்கட்டண ரசீதில் இருக்கும் யூனிட்டையே எழுதுகிறேன், இரண்டும் ஒன்றுதான். அப்படியானால் ஒரு கிலோவாட் என்பது மணிக்கு ஒரு யூனிட்.) மேட்டுப்பாளையத்தில் மலை ஏறுவதற்கு முன் ஒரு டிசி மின்னேற்றியில் (நேர்மின்சாரம் கொடுக்கிற வேக சார்ஜர்) நிறுத்தினேன். பலகையில் 60 கிலோவாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். என் வண்டி தாங்குகிற உச்சமே 50தான், அதனால் 60 எனக்கு வெறும் அலங்காரம். 22 சதவீதத்தில் செருகினேன். திரையில் 44 கிலோவாட் வந்தது, கொஞ்ச நேரத்தில் 48 ஆனது, பாதியைத் தாண்டியதும் சரியத் தொடங்கியது. 80 சதவீதம் வர 42 நிமிடம் ஆயிற்று, மீட்டரில் 25 யூனிட். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 36 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. டீ இன்னும் வரவில்லையே என்று அப்படியே விட்டுவைத்தேன். 80இலிருந்து 95க்குப் போக இன்னும் 26 நிமிடம், கிடைத்தது வெறும் 6 யூனிட். அந்தப் பகுதியின் சராசரி 14.

ஒரே வண்டி, ஒரே மின்னேற்றி, ஒரே காலை. அதற்குள் 60, 50, 48, 36, 14 என்று ஐந்து எண்கள். இவற்றில் எதை ‘வேகம்’ என்பது? விளம்பரக்காரர் முதலாவதைச் சொல்வார். ஊட்டி போய்ச் சேர வேண்டியவருக்கு நான்காவதுதான் வேண்டும். அந்த நான்காவதுக்குத்தான் தமிழில் பெயர் இல்லை.

இது சின்ன வண்டியின் தொல்லை மட்டுமல்ல. ஹூண்டாய் ஐயானிக் 5ஐ 350 கிலோவாட் மின்னேற்றியில் போட்டால் 10இலிருந்து 80 சதவீதத்துக்கு 18 நிமிடம் என்று நிறுவனம் சொல்கிறது. 72.6 யூனிட் மின்கலத்தில் 70 சதவீதம் கிட்டத்தட்ட 51 யூனிட். 18 நிமிடத்தில் 51 என்றால் மணிக்கு 170. அந்த அசுரனிடமும் பலகையில் இருப்பதில் பாதிதான் உள்ளே போகிறது.

இப்போது சொற்களுக்கு வருகிறேன்.

‘ஏற்றம்’ மலைநாட்டில் ஏற்கெனவே வேலையில் இருக்கிற சொல். ஏற்றம் என்றால் எங்களுக்கு மலையடிவாரத்துக் கல்லாறு தாண்டியதும் தொடங்குவது. போன வாரம் டாக்ஸி ஸ்டாண்டில் ஒரு அண்ணனிடம் நம் இழையைப் பற்றிச் சொல்லி, “அண்ணே, மின்னேற்ற வேகம்னா என்ன புரியுது?” என்று கேட்டேன். ‘மின்’ அவர் காதில் விழவே இல்லை. “ஏத்தத்துலயா? லோடு இருந்தா இருபது, இல்லாட்டி முப்பது” என்றார். சரியான பதில், வேறு கேள்விக்கு! மின்வண்டிக்காரர்களுக்கு இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை ஏறக்குறைய 1900 மீட்டர் உயரம். ஆட்களோடு 1700 கிலோ எடையுள்ள வண்டியை அவ்வளவு உயரம் தூக்கிவைக்கவே 9 யூனிட் போகும், சக்கர உராய்வும் காற்றுத் தடையும் தனி. ‘ஏற்றத்துக்கு 9 யூனிட்’ என்று நான் எழுதினால் கீழ்நாட்டார் ஒன்று நினைப்பார், நான் ஒன்று நினைப்பேன். (1932இலிருந்து பைக்காராவில் தண்ணீரை மலையிலிருந்து இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். நான் அதைச் செலவழித்து மலையேறுகிறேன். கணக்கு எங்கேயோ நேராகிவிடும் என்று வீட்டில் சொல்லிச் சமாளிப்பதுண்டு.)

‘மின்னூட்டம்’ நம் பள்ளி இயற்பியலில் கூலூமில் அளக்கிற மின்சுமை. அந்தச் சொல்லை இங்கே இழுத்தால் மாணவர்கள் திண்டாடுவார்கள். மின்னேற்றத்துக்கும் இலங்கை வழக்கில் அதே சிக்கல் உண்டு என்று யாழ்ப்பாணத்து நண்பர் முன்பே எழுதியிருக்கிறார். ஆனாலும் சார்ஜர் வேலைக்கு ‘மின்னேற்றி’ இங்கே வேரூன்றிவிட்டது, அதைப் பிடுங்க வேண்டாம். ‘மெய்வேகம்’ காதுக்கு இனிமைதான், ஆனால் எதன் வேகம் என்பது சொல்லுக்குள் இல்லை. ‘நிகர’ என்றால் எதையோ கழித்தது என்று பொருள், இங்கே கழிக்க ஒன்றுமில்லை.

என் சொல் ‘மின்னேற்பு’. ஏற்றுவது மின்னேற்றி, ஏற்பது மின்கலம். டிசி மின்னேற்றத்தில் எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்று நொடிக்கு நொடி கேட்டுக்கொண்டிருப்பது வண்டிதான். மின்னேற்றி தன்னால் முடிந்தவரை அதைக் கொடுக்கிறது. கேட்பதும் வாங்குவதும் வண்டி என்கிறபோது பெயரும் அந்தப் பக்கத்திலிருந்து வருவதே முறை.

ஏன் பாதிக்கு மேல் கேட்பது குறைகிறது என்று கொடைக்கானல் நண்பர் கேட்டிருந்தார். மேட்டுப்பாளையம் நிலையத்தில் ஊட்டி பஸ் வந்து நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் முப்பது பேர் கடகடவென்று ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். அதன் பிறகு வருபவர் சந்தில் நுழைந்து, பையைத் தூக்கிப் பிடித்து, மூன்று பேர் சீட்டில் இடம் கேட்டு உட்கார வேண்டும். பொறுமையில்லாமல் பின்னாலிருந்து தள்ளினால் உள்ளே போகாது, படியில் தொங்கும். மின்கலத்துக்குள் நுழைகிற லித்தியம் அயனிகளுக்கு, அவை போய் உட்கார வேண்டிய கிராஃபைட்தான் பஸ். அவசரப்படுத்தினால் உள்ளே நுழையாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அது மின்கலத்தின் ஆயுளைத் தின்றுவிடும். அதனால்தான் வண்டி தானே கையை மடக்கிக்கொள்கிறது.

குளிரில் அயனிகளின் நடை இன்னும் மந்தம். ஜனவரியில் ஒரு நாள் இரவு வீட்டில் கரண்ட் இல்லை. காலை ஏழு மணிக்கு டவுனில் உள்ள மின்னேற்றிக்கு வண்டியை எடுத்துப்போனேன். புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது, கண்ணாடியைச் சுரண்டித்தான் கிளப்பினேன். 30 சதவீதம்தான் இருந்தது, வழக்கமாகத் திரை 45 கிலோவாட்டுக்கு மேல் காட்ட வேண்டிய இடம். திரையில் 17. பக்கத்து வண்டிக்காரர் மெஷின் ரிப்பேர் என்று முடிவுகட்டிவிட்டார். இருபது நிமிடத்தில் மின்கலம் கொஞ்சம் சூடேறியதும் எண் தானாக மேலே வந்தது. மெஷினில் பழுது இல்லை, ஏற்பு இல்லை, அவ்வளவுதான். இந்த வாக்கியத்தை ‘வேகம்’ வைத்து எழுதிப் பாருங்கள், குற்றம் மறுபடி மெஷின் தலையில்தான் விழும்.

ஒரு மறுப்பு நியாயமானது. ஒரே மின்னேற்றியில் இரண்டு துப்பாக்கி (வண்டியில் செருகுகிற பிடி) இருந்து, இரண்டாவது வண்டி வந்து செருகினால் 60ஐ ஆளுக்கு 30 என்று பிரித்துவிடும். அப்போது வண்டி 45 வாங்கத் தயார், கிடைப்பது 30. இதை எப்படி ‘ஏற்பு’ என்பது என்று ஈரோட்டு அக்கா கேட்கிறார். இரண்டு நாள் யோசித்தேன். வண்டியால் அந்த நேரத்தில் முடிந்தது ‘மின்னேற்பு வரம்பு’. உண்மையில் உள்ளே போனது ‘மின்னேற்பு’. வரம்பு 45, ஏற்பு 30. இரண்டையும் பிரித்துச் சொல்ல முடிவதே சொல்லுக்குச் சாதகம் என்று எனக்குப் படுகிறது. அக்காவுக்கு இது போதுமா தெரியவில்லை.

ஏற்பது என்றாலே பிச்சை ஏற்பது என்று பள்ளிக்கூடத்திலேயே நமக்குப் பதிந்துவிட்டதே என்பது இன்னொரு மறுப்பு. பொறுப்பேற்பு, வரவேற்பு, பதவியேற்பு எல்லாம் புழங்குகிற ஊரில் அது பெரிய தடையில்லை.

தெருவில் என்ன சொல்கிறார்கள்? “வண்டி நாப்பது எடுக்குது”, “இன்னிக்கு இழுக்கவே மாட்டேங்குது.” இரண்டும் அருமையான வினைகள். பெயர்ச்சொல்லாக்கினால்தான் வம்பு. மின்னெடுப்பு என்றால் கம்பத்தில் கொக்கி போட்டது மாதிரி இருக்கிறது. மின்னிழுப்பு என்றால் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். பேச்சில் ‘எடுக்குது’ அப்படியே இருக்கட்டும், எழுத்தில் மின்னேற்பு.

வேகமா வீதமா என்ற சண்டைக்குள் நான் வரவில்லை. கிலோவாட்டில் சொன்னால் அது திறன்தான், பேராசிரியர் ஐயா சொல்வது சரி. ஆனால் ‘சராசரி மின்னேற்பு 36 கிலோவாட்’ என்று எழுதும்போது அலகே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது, வேகம், வீதம் என்று வால் ஒட்ட வேண்டாம். அந்தச் சராசரி 10க்கும் 80க்கும் நடுவில் எடுத்ததா, 20க்கும் 80க்கும் நடுவிலா என்பதை மட்டும் கட்டாயம் சேர்த்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. சதவீதத்தைக் கீழேயும் கிலோவாட்டைப் பக்கத்திலும் வைத்து வரைகிற கோட்டுக்கு ‘மின்னேற்பு வளைகோடு’. பின்பாதிச் சரிவுக்கு ‘ஏற்புத் தணிவு’ என்று எழுதிவைத்திருக்கிறேன், அதில் அரைமனதுதான். ‘இறங்குமுகம்’ என்று சொல்ல ஆசை. ஆனால் ஏற்றத்துக்கு நான் சொன்ன அதே காரணத்தால் அதையும் விட வேண்டியதாயிற்று. இறங்குமுகத்தில் எங்கள் வண்டி பிரேக்கிலிருந்து மின்சாரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கும். மேலே நூறு சதவீதம் நிரப்பிவிட்டு இறங்கினால் அதுவும் நடக்காது, வாங்க மின்கலத்தில் இடமிருக்காது. பாருங்கள், அங்கேயும் ஏற்புதான்.

கொடைக்கானல் நண்பருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வத்தலகுண்டில் நிறுத்தும்போது ஐந்து சதவீதத்துக்கு ஒருமுறை திரையில் இருக்கும் எண்ணைக் குறித்து அனுப்புங்கள். மின்கலச் சூடு தெரிந்தால் அதையும். அந்த எண் வரிசைக்கு என்ன தலைப்புப் போடுகிறீர்கள் என்று பார்க்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உதகையிலிருந்து