பின்னால் ‘1948’ என்று எழுதிய போட்டோ: பொய்யை எப்படிப் பிடிப்பது?

கிணற்றடி:
துப்பறியும் கதை ஒன்று எழுதுகிறேன். கிணற்றில் அண்ணன் பிணம். தவறி விழுந்தார் என்று முடித்துவிட்டார்கள். அன்று தான் ஊரிலேயே இல்லை என்பதற்குத் தம்பி விட்டுப்போன ஒரே ஆதாரம் கல்யாண வீட்டு போட்டோ. பின்புறம் மையில் ‘1948’. அது பொய் என்று பேத்திக்கு எப்படித் தெரியலாம்?

இருட்டறைத் தாத்தா:
முப்பது வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்தவன் சொல்கிறேன். விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். போட்டோ தாளில் வெண்மை கூட்டும் ரசாயனம் கலந்தது 1950களில்தான். அது நீலமாக ஒளிரும். ஒளிர்ந்தால் அந்தப் பிரதி 1948-இல் போட்டதல்ல. அமெரிக்கப் புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன் 1940-இல் இறந்தார். அவரே போட்ட பிரதிகள் என்று விற்ற சில படங்கள் இப்படித்தான் மாட்டின. ஒளிராவிட்டால் பழையது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள், எல்லாத் தாளிலும் அது கிடையாது.

கிணற்றடி:
பழைய நெகட்டிவிலிருந்து பிறகு பிரதி போட்டிருந்தால், ஐயா?

இருட்டறைத் தாத்தா:
அட, அங்கேதானே கதை! நெகட்டிவைத் தேடி அலையட்டும். அப்புறம், படத்தில் சுவர்க் காலண்டர் இருந்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

காக்கி வீட்டுப் பிள்ளை:
பழைய போலீஸ் கோப்பில் சந்தேக மரணம் என்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-வது பிரிவு. 194 என்று எழுதிவிடாதீர்கள், அது 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்து எண்.