நீர் மாசுக்கு ஜெயிலுக்குப் பதிலா அபராதம்: நொய்யல் ஆத்துப் பக்கத்து ஆளுங்க என்ன சொல்றீங்க?

கீழ்மடை எழுதியது:

1974-ம் வருஷத்து நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை 2024-ல திருத்தினாங்க. விஷக்கழிவை ஆத்துல விட்டா ஒன்றரை வருஷத்துல இருந்து ஆறு வருஷம் வரைக்கும் ஜெயில்னு இருந்தது. அதை எடுத்துட்டு 10,000 ரூபாயில இருந்து 15 லட்சம் வரைக்கும் அபராதம்னு வச்சிருக்காங்க. முதல்ல இமாச்சலம், ராஜஸ்தான், யூனியன் பிரதேசங்களுக்கு. மத்த மாநிலம் சட்டசபையில தீர்மானம் போட்டா அங்கேயும் செல்லும். இது எந்த மாநிலத்துக்கும் ஆகாதுங்கறது என் கருத்து.

எங்க தோட்டம் நொய்யல் ஆத்துல இருக்கற ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. பாசனத்துக்குன்னு 1992 வாக்குல வந்த அணை அது. திருப்பூர்ச் சாயத்தண்ணி வந்து தேங்கி, "மதகைத் திறக்காதீங்க"ன்னு விவசாயிகளே கேட்கிற நிலைமைக்கு வந்துச்சு. எங்க கிணத்துத் தண்ணியில டீ வச்சா பால் திரிஞ்சு போகும். விருந்தாளி வந்தா அம்மா பக்கத்து ஊர்ல இருந்து ஒரு குடம் வாங்கி வச்சுத்தான் அடுப்பைப் பத்த வைப்பாங்க. தென்னை ஓலை நுனியில இருந்து கருகிட்டே வரும். வாய்க்கால் காஞ்சா கரை முழுக்க வெள்ளை வெள்ளையா உப்பு பூத்துக் கிடக்கும். இதைச் செஞ்சவங்க பில் கட்டற மாதிரி பணத்தைக் கட்டிட்டுப் போயிடலாமா?

மூணுவின்ச் எழுதியது:

வணக்கமுங்க. நான் சாயப்பட்டறை வச்சிருந்தவன். பேருக்கு ஏத்த மாதிரி மூணே மூணு வின்ச், அதாவது துணிக்குச் சாயம் ஏத்தற மெஷின். 2011 ஜனவரியில ஐகோர்ட் எல்லாப் பட்டறையையும் மூடச் சொன்னப்ப என்னுதுக்கும் கரண்ட் போச்சு. உங்க தோட்டத்துக்கு வந்த நாசத்துல என் பங்கும் இருக்குது, இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

ஆனா ஒண்ணு கேக்கறேன். ஜெயில்ங்கற சட்டம் அப்பவும் இருந்ததுங்களே? அது இருக்கும்போதுதானே அணை நாசமாச்சு? கோர்ட்டுல கிரிமினல் கேஸ் போட்டா வருஷக்கணக்கா வாய்தா நடக்கும். அதுவரைக்கும் தண்ணி போயிட்டேதான் இருக்கும். அதைவிட ஒரு அதிகாரி விசாரிச்சு, 15 லட்சம் கட்டுன்னு உடனே உத்தரவு போட்டா என்னை மாதிரி ஆளுக்கு அதுதான் அடி. வீட்டை வித்தாத்தான் கட்ட முடியும்.

கீழ்மடை எழுதியது:

அண்ணா, நீங்க ஒத்துக்கிட்டுப் பேசறது பெரிய விஷயம். ஆனா அபராதத்தை நாம பார்க்காம இல்லையே. 2006 டிசம்பர்ல கழிவை விடறதுக்கு லிட்டருக்கு 6 பைசான்னு ஐகோர்ட் போட்டது. அப்புறம் 8, அப்புறம் 10. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் விடற பட்டறைக்கு 6 பைசான்னா 6,000 ரூபாய். சுத்திகரிக்கிற செலவோட வச்சுப் பார்த்தா எது லாபம்னு உங்களுக்கே தெரியும். பணத்தைக் கட்டினாங்க, தண்ணியையும் விட்டாங்க. நாலு வருஷம் கழிச்சு மூடச் சொன்ன பிறகுதான் ஆத்துல நிறம் மாறுச்சு.

பாலாத்துமணல் எழுதியது:

வாணியம்பாடிப் பக்கம். ஒரு தகவல் மட்டும். தோல் தொழிற்சாலை வழக்குல 1996-ல சுப்ரீம் கோர்ட் ஒவ்வொரு தோல் பதனிடற ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. 28 வருஷம் கழிச்சு வந்த திருத்தத்துல குறைந்தபட்ச அபராதம் அதே 10,000. அப்ப ஒரு பவுன் என்ன விலை, இப்ப என்ன விலைன்னு யோசிச்சுப் பாருங்க.

மூணுவின்ச் எழுதியது:

அது நியாயமான கேள்விதான். கீழ்வரம்பை ஏத்தட்டும், நான் வேண்டாங்கலை. ஆனா ஜெயில்னு வச்சா மாட்டறது யாரு? என்னை மாதிரி அடுத்தவங்க துணிக்குக் கூலிக்குச் சாயம் போடற ஜாப் ஒர்க் பண்றவன். துணியைக் கொடுத்து, கிலோவுக்கு ரெண்டு ரூபாய் குறைச்சுக்கோன்னு நெருக்கறவன் மாட்ட மாட்டான். இன்னைக்கு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துல ஒரு சொட்டு வெளியே விடாம ஆர்.ஓ. போட்டு, மிச்சத் தண்ணியைக் கொதிக்க வச்சு ஆவியாக்கறோம். அந்தச் செலவு என் ரேட்டுல ஏறுது. ராத்திரியோட ராத்திரியா ஓடையில திறந்து விடறவன் என்னைவிடக் குறைச்சு ரேட் சொல்லி ஆர்டரைத் தூக்கிட்டுப் போறான்.

ரெண்டுபாட்டில் எழுதியது:

சுத்திகரிப்பு நிலைய லேப்ல பல வருஷம் ஷிப்ட் பார்த்தவன். ரெண்டு பேரும் முக்கியமானதை விட்டுட்டீங்க.

பட்டறையை முடக்கினது ஜெயிலும் இல்லை, அபராதமும் இல்லை. அதே சட்டத்துல 1988-ல சேர்த்த 33அ பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. மூடு, கரண்டை வெட்டு, தண்ணியை நிறுத்துன்னு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே உத்தரவு போடலாம். 2011-ல கோர்ட் செய்ய வச்சதும் அதே வேலைதான். பீஸ் கட்டையைப் பிடுங்கினா அன்னைக்கே வின்ச் நிக்கும். திருத்தம் அதைத் தொடலை. அனுமதி வாங்காம நடத்தினா ஆறு வருஷம் வரைக்கும் ஜெயில்ங்கறதும் போகலை. போனது, விஷக்கழிவை ஆத்துல விடறவனுக்கு இருந்த ஜெயில்.

இன்னொண்ணு, எதை அளக்கறோம்ங்கறது. 90-கள்ல வந்த நிலையங்கள்ல சுண்ணாம்பும் அன்னபேதிங்கற இரும்பு உப்பும் போட்டுத் தெளிய வச்சோம். வெளியே வர்ற தண்ணி பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். கரைஞ்ச உப்பு அப்படியே இருக்கும். வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். அந்த முறையில அதுக்குக் கீழே கொண்டு வரவே முடியாது. சாயம் துணியில பிடிக்கறதுக்குக் கொட்டற உப்பு அவ்வளவு. குடிக்கிற தண்ணிக்கு 500 தான் நல்லது, வேற வழியே இல்லைன்னா 2,000 வரைக்கும்ங்கறது இந்தியத் தரம். கீழ்மடை வீட்டுல பால் திரிஞ்சதுக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத அந்த உப்புதான்.

சட்டப்படி மாதிரி எடுக்கணும்னா பட்டறைக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்து, ரெண்டு பாட்டில்ல பிரிச்சு, சீல் வச்சு, ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போடணும். பகல் பதினோரு மணிக்கு அதைச் செஞ்சா தண்ணி எப்பவும் சுத்தமாத்தான் இருக்கும். மழை பெய்யற ராத்திரி ரெண்டு மணிக்கு யார் வர்றது? ஆள் பத்தாத இடத்துல தண்டனையை ஏத்தினாலும் இறக்கினாலும் ஆத்துக்கு வித்தியாசம் தெரியாது.

கீழ்மடை எழுதியது:

33அ பத்திச் சொன்னது சரிங்க. ஆனா அந்த உத்தரவைப் போடற அதிகாரம் வாரியத்துக்கு 1988-லயே வந்தாச்சு. 2011 வரைக்கும் ஏன் முழுசாப் போடலை? பாசன விவசாயிகளான எங்க ஆயக்கட்டுதாரர் சங்கம் கோர்ட்டுக்குப் போகாம இருந்திருந்தா போட்டிருப்பாங்களா? அதனாலதான் ஜெயிலை விட மனசு வரலை. இப்ப அபராதம் போடறதும் அரசாங்க அதிகாரிதான். அவரும் போடலைன்னா நாங்க எந்தக் கதவைத் தட்டறது?

இன்னொரு வேதனை. பவானிகிட்ட காவிரியில இருந்து ஒரு நாளைக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டு வர்றதுக்குத் திருப்பூருக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தாங்க. மேலே இருக்கறவங்களுக்கு நல்ல தண்ணி குழாயில வந்துச்சு. அவங்க சாயம் அலசின தண்ணி எங்களுக்கு ஆத்துல வந்துச்சு.

மூணுவின்ச் எழுதியது:

கண்ணு, அதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

ஜெயில் விஷயத்துல என் கருத்து மாறலை. ஆனா இதைச் சொல்றேன். எங்க நிலையத்துல எவ்வளவு தண்ணி உள்ளே வருது, எவ்வளவு திரும்பிப் போகுதுன்னு மீட்டர் ஓடுது. அந்தக் கணக்கை உங்க ஊர் சங்கமும் தினமும் பார்க்கற மாதிரி வைக்கணும். ராத்திரி ரெண்டு மணிக் கணக்கும் அதுல இருக்கும். எனக்கு மறைக்க ஒண்ணும் இல்லை.

ரெண்டுபாட்டில் எழுதியது:

அதோட கலப்பு உப்பையும் சேர்த்துக் கேளுங்க. ஆவியாக்கின பிறகு திரும்பப் பயன்படுத்த முடியாம நிக்குதே, அந்த உப்பு. ஷெட்டுல மூட்டை மூட்டையா அடுக்கியிருக்கு. ஓட்டைக் கூரைக்குக் கீழே ஒரு ஐப்பசி மழை நனைச்சாப் போதும், ஆத்துல விடாம பிடிச்சு வச்ச உப்பெல்லாம் ஆத்துக்கே போயிடும்.

கீழ்மடை எழுதியது:

அந்த ஷெட் எத்தனை இருக்கு, எந்தெந்த ஓடைக்குப் பக்கத்துல இருக்குன்னு யாராவது எழுதுங்க. அடுத்த மனுவுல முதல் பத்தியா அதை வைக்கிறோம்.