இன்ஸ்டாக்ஸ் மினி எவோ கேமரா வாங்கலாமா? தோட்டத்துல எல்லாருக்கும் படம் எடுத்துக் கொடுக்கணும்

கேள்வி:
வணக்கம், நான் மலேசியா, சுங்கை சிப்புட். பாட்டி இன்னும் தோட்டத்து லயத்துலதான் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடு) இருக்காங்க, அடுத்த வருசம் எல்லாரும் காலி பண்ணணும்னு சொல்லிட்டாங்க. அதுக்குள்ள வர்ற கோயில் திருவிழாவுல ஒவ்வொரு குடும்பத்தையும் வீட்டு வாசல்ல நிக்க வச்சு படம் புடிச்சு அங்கயே கையில கொடுத்துடணும்னு ஆசை, வாட்ஸ்அப்ல அனுப்பினா பாட்டிங்க யாரு பாக்கப் போறாங்க. எடுத்த உடனே அட்டையில படம் தர்ற சாதா இன்ஸ்டாக்ஸ் மினி போதுமா, இல்ல எவோ மாதிரி ஹைபிரிட்டா (டிஜிட்டல் கேமராவும் பிரிண்டரும் சேந்தது)? எவோ வெலை ரொம்ப கூட இருக்கு லா.

பதில் 1:
எவோவே வாங்குங்க. சாதா மினில அமுக்குன உடனே அட்டை வெளிய வந்துடும், கண்ண மூடிட்டாங்கன்னா அந்த ஃபிலிம் போச்சு, ஒரு பாக்கெட்ல 10தான். எவோல திரையில பாத்து புடிச்சதுக்கு மட்டும் லீவர இழுத்தா போதும். அதோட ஒரே படத்த ரெண்டு தடவ பிரிண்ட் போடலாம், அவங்களுக்கு ஒண்ணு உங்களுக்கு ஒண்ணு. எங்க தாத்தாவ அப்படித்தான் எடுத்தேன், மொதல்ல தலைமுடி கருப்பு தெரிஞ்சுது, அப்புறம் துண்டு, கடைசியிலதான் மொகம் தெளிஞ்சுது, ஒன்றரை நிமிசம் அவரு கண்ண எடுக்கவே இல்ல. இப்ப அவரு இல்ல, என்னோட காப்பி சாமி மேடையில இருக்கு. உள் மெமரி 45 படம்தான் புடிக்கும், மைக்ரோ எஸ்டி மெமரி கார்டு போட்டுக்குங்க.

பதில் 2:
நான் வேற மாதிரி சொல்றேன். எவோ சென்சார் சின்னது, 5 மெகாபிக்சல் கிட்ட, சாயங்காலம் ஆச்சுன்னா படம் புள்ளி புள்ளியா வரும். போன்ல எடுத்து, அதே இன்ஸ்டாக்ஸ் அட்டையில அடிக்கிற மினி லிங்க் பிரிண்டர்ல போடுங்க, வெலையும் கம்மி. எதுன்னாலும் கூட்டமா நிக்க வைக்காதீங்க, அட்டை நம்ம ஐசி (அடையாள அட்டை) சைசு, உள்ள படம் 62க்கு 46 மில்லிமீட்டர்தான், மூணு பேருக்கு மேல மொகமே தெரியாது. ஃபிலிம காடியில (கார்) வெயில்ல விட்டுடாதீங்க, கலர் கெட்டுடும். பாதி பாக்கெட்ல பின்கதவத் தொறக்கவே கூடாது.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. எவோவே வாங்கிக்கிறேன், போன்ல எடுத்ததையும் அதுலயே பிரிண்ட் போடலாமாம், இருட்டுன அப்புறம் அப்படியே செஞ்சுக்கலாம். மொத படம் பாட்டி தனியா, கதவுல வீட்டு நம்பர் தெரியுற மாதிரி.