வாலிபர் கூட்டத்தில் "நல்ல தேவன் என்றால் பாடுகள் ஏன்?" – 40 நிமிடத்தில் எப்படி எடுப்பது?

உப்பளக்காற்று:
கல்லூரி மாணவர்கள் சுமார் 25 பேர், கையில் இருப்பது 40 நிமிடம். வாட்ஸ்அப்பில் சுற்றும், பழைய கிரேக்கத் தத்துவவாதி எபிக்கூரஸ் சொன்னதாக வாசகம் போட்ட படத்தைக் குழுவில் ஒருவர் போட்டிருக்கிறார்: தீமையைத் தடுக்க மனமிருந்தும் முடியாதென்றால் அவர் சர்வவல்லவர் இல்லை, முடிந்தும் மனமில்லையென்றால் நல்லவர் இல்லை. "மனுஷனுக்குச் சுயசித்தம் கொடுத்தார்" என்ற வழக்கமான பதில் கொலைக்கும் போருக்கும் சரி. சுனாமிக்கு யாருடைய சுயசித்தம்? பிழையில்லாமல் எடுக்க வழி சொல்லுங்கள்.

மறைநூல்வாசி:
முதலில் அந்தப் படத்தைச் சரிபார்த்துவிடுங்கள் பிரதர். நம் கைக்குக் கிடைத்த எபிக்கூரஸின் எழுத்துகளில் இந்த வாதம் இல்லை. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாக்டான்டியுஸ் என்பவர் இதை எபிக்கூரஸ் சொன்னதாக எழுதி, பதிலும் சொன்னார். அவர் கிறிஸ்தவர். அதாவது சபை இந்தக் கேள்வியை ஒளித்து வைக்கவில்லை.

அடுத்து, கேள்வியை இரண்டாகப் பிரியுங்கள். இதைச் செய்யாமல் ஆரம்பித்தால் 40 நிமிடமும் சுற்றிச் சுற்றி வருவீர்கள்.

ஒன்று, "தேவனும் தீமையும் ஒன்றாக இருக்கவே முடியாது" என்பது. 1955ல் ஜே. எல். மேக்கி என்ற நாத்திகத் தத்துவவாதி இதைக் கூர்மையாக வைத்தார். இதற்குக் கிறிஸ்தவத் தத்துவவாதி ஆல்வின் பிளாண்டிங்கா சுயசித்தத்தை வைத்து 1974ல் தந்த பதிலில் கவனிக்க வேண்டியது அதன் அளவு. தேவன் ஏன் அனுமதித்தார் என்று அவர் சொல்லவில்லை. நியாயமான ஒரு காரணம் இருக்கச் சாத்தியம் உண்டு என்று காட்டினால் முரண்பாடு விழுந்துவிடும், அவ்வளவுதான். சுயசித்த வாதத்தின் வேலை இங்கேயே முடிகிறது. இதை எல்லாப் பாடுகளுக்கும் விளக்கமாக நீட்டும்போதுதான் நீங்கள் சொல்லும் சுனாமியில் நொண்டுகிறது.

இரண்டு, "இருக்க முடியலாம், ஆனால் இவ்வளவு தீமையைப் பார்த்தால் நம்பத் தோன்றவில்லை" என்பது. தத்துவவாதி வில்லியம் ரோ 1979ல் சொன்ன உதாரணம்: காட்டுத்தீயில் கருகிய மான்குட்டி, யாரும் பார்க்காமல் பல நாள் துடித்துச் சாகிறது. இதனால் யாருக்கு என்ன நன்மை? இதற்கு ஸ்டீபன் விக்ஸ்ட்ரா 1984ல் சொன்ன பதில், நம் கண்ணுக்குக் காரணம் தெரியவில்லை என்பதால் காரணமே இல்லை என்று ஆகாது என்பது. குடத்தை எட்டிப் பார்த்து உள்ளே மீன் இல்லை எனலாம். காலராக் கிருமி இல்லை எனலாமா?

நில அதிர்வு, நோய் பற்றிக் கேட்டால், இயற்கை ஒரே ஒழுங்கில் நடந்தால்தான் மனிதன் பொறுப்போடு வாழ முடியும் என்று ரிச்சர்ட் ஸ்வின்பர்ன் போன்றோர் வாதிடுகிறார்கள். சொல்லலாம். ஆனால் அதன்மேல் முழு பாரத்தையும் ஏற்றாதீர்கள்.

கேள்விக்கொக்கி:
நான் விசுவாசி அல்ல, ஆனாலும் நியாயமான இடம் என்பதால் கேட்கிறேன். "காரணம் நமக்குத் தெரியாது" என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் சபையில் தப்பியவர்கள் சாட்சி சொல்லும் வேளையில் மட்டும் எப்படித் தெரிகிறது? 2004 டிசம்பர் 26 காலை வேளாங்கண்ணிக் கடற்கரையில் கிறிஸ்துமஸுக்கு வந்த யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். பேராலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை, அது அற்புதம் என்று பேசினார்கள். தப்பியதற்குக் காரணம் தெரியும், செத்ததற்குத் தெரியாதா?

மறைநூல்வாசி:
அடி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. குடம் உதாரணத்தை எடுத்தவர் இரண்டு பக்கமும் வாயைக் கட்ட வேண்டும். தப்பியவர் நன்றி சொல்லலாம். "என்னை இதற்காகத் தப்புவித்தார்" என்று கணக்குப் போட்டால் மான்குட்டிக்கும் கணக்குக் கேட்பார்கள்.

போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்து நில அதிர்விலும் இதே சிக்கல்தான். 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்கள் திருநாள், காலைப் பூசை நேரம். கூரை இடிந்தது, கவிழ்ந்த மெழுகுவர்த்திகளும் சேர்ந்து நகரம் பற்றியது, தப்பித்து ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைச் சுமார் 40 நிமிடத்தில் கடல் அடித்துப் போனது. மறு வருடம் மலக்ரிடா என்ற இயேசு சபைக் குரு, இது நகரத்தின் பாவத்துக்கு வந்த தண்டனை என்று எழுதி அச்சிட்டார். லூக்கா 13ஐ அவர் கையில் கொடுத்திருக்க வேண்டும்.

தைலமரத்தோப்பு:
அந்த லூக்கா 13:1-5ஐயே உங்கள் மைய வசனமாக வையுங்கள். பிலாத்து கொன்ற கலிலேயர், அது மனிதன் செய்த தீமை. சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேர், அது விபத்து. மாணவர்கள் பிரிக்கும் இரண்டு வகையும் ஐந்தே வசனத்துக்குள் வந்துவிடுகிறது. செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்றால் இயேசு இல்லை என்கிறார். பிறகு காரணம் சொல்வார் என்று பார்த்தால், சொல்லவில்லை.

தவறாகக் கையாளப்படும் வசனங்கள் மூன்று. யோவான் 9:3, தேவனுடைய கிரியை வெளிப்படவே இப்படிப் பிறந்தான் என்பது, பிறவிக்குருடனான அந்த ஒரு மனிதனைப் பற்றியது, ஊனத்தோடு பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒட்டும் சீட்டு அல்ல. சகலமும் நன்மைக்கே நடக்கிறது என்ற ரோமர் 8:28ஐத் தனியே பிய்க்காதீர்கள். ஆறு வசனம் முன்னால் சிருஷ்டி முழுவதும் பிரசவ வேதனைப்படுகிறது. "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்", பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபு சொன்னது, யோபு 1:21. கண்ணீர் அஞ்சலி நோட்டீசில் அதோடு நிறுத்திவிடுகிறோம். 3ஆம் அதிகாரத்தில் அதே யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். 42:7ல் தேவன் கோபப்பட்டது விளக்கம் சொன்ன நண்பர்கள்மேல்.

சாப்ளின்_வார்டு:
எல்லாரும் தத்துவமாகவே பேசுகிறீர்கள். 25 பேரில் ஒருவர் வீட்டிலாவது போன மாதம் இழவு விழுந்திருக்கலாம், அதனால் கேள்வியை வாயால் கேட்க வைக்காதீர்கள். முதல் 5 நிமிடத்தில் பெயரில்லாத துண்டுச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். "ஏன்" என்று வரும் சீட்டுக்கு மேலே சொன்ன வாதம். "ஏன் என் அம்மா" என்று வரும் சீட்டை மேடையில் வாசிக்கவே வேண்டாம், கூட்டம் முடிந்து நீங்கள் வாசலிலேயே நிற்பதாக மட்டும் சொல்லுங்கள். யோபுவின் நண்பர்கள் உருப்படியாகச் செய்தது 2:13ல் இருக்கிறது, வாய் திறக்காமல் ஏழு நாள் தரையில் உட்கார்ந்தது.

சங்கீதம் 88ஐ ஜெபமாக வாசியுங்கள். கடைசி வரிவரை வெளிச்சம் வராத சங்கீதம் அது. வாசித்து முடித்ததும் யாராவது துதிப் பாட்டை எடுத்துவிடுவார்கள், கிட்டார் வாசிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

உப்பளக்காற்று:
சீட்டுக்கு 5 நிமிடம், கேள்வியை இரண்டாகப் பிரிக்க 10, லூக்கா 13க்கு 15, மீதி சங்கீதத்துக்கு. கேள்விக்கொக்கி அண்ணா, உங்கள் வேளாங்கண்ணிக் கேள்வியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், பதில் சொல்லாமல்.