ஒபாமா, விட்னி, கமலா: மூவரையும் ஒரே பத்தியில் வைக்கலாமா?

நெய்தல்வாசி:
அமெரிக்கக் கறுப்பினப் பிரபலங்களைப் பார்த்து "நீ நிஜக் கறுப்பர்தானா?" என்று கேட்கிறார்களே, அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். ஒபாமா, பாடகி விட்னி ஹூஸ்டன், கமலா ஹாரிஸ் மூவரும் ஒரே பத்தியில் வருகிறார்கள். எங்கே சறுக்கும்?

மு. கதிரவன்:
அந்தப் பத்தியிலேயேதான் சறுக்கும். ஒபாமாவிடம் 2006-07இல் கேட்கப்பட்டது வம்சாவளி. அப்பா கென்யாக்காரர், அம்மா கன்சாஸ் வெள்ளைக்காரர். அமெரிக்க அடிமைமுறையில் சிக்கிய குடும்பம் அல்ல என்பதுதான் ஸ்டான்லி கிரவுச் போன்ற கறுப்பினப் பத்தி எழுத்தாளர்களின் வாதம்.

விட்னி மீதான புகார் இசையைப் பற்றியது. 1985-88க்குள் தொடர்ச்சியாக ஏழு பாட்டுகள் பில்போர்ட் பாடல் தரவரிசையில் முதலிடம். எல்லாம் பாப் வானொலிக்கு அளவெடுத்துத் தைத்தவை. 1989இல், கறுப்பின இசைக்கான சோல் ட்ரெயின் விருது விழாவில் அவர் பெயரை வாசித்ததும் அரங்கில் கேலிக்கூச்சல். அடுத்த வருட ஆல்பத்துக்கு, கறுப்பின இசைக்குப் பெயர்போன எல்.ஏ. ரீட், பேபிஃபேஸ் ஆகியோர் தயாரிப்புக்கு வந்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள். குரலை யாரும் குறை சொல்லவில்லை. கம்பெனி அதை யாருக்கு விற்றது என்பதில்தான் கோபம்.

தேன்மொழி ரா:
கமலா விஷயத்தில் பேசியவர் யார் என்பதே முக்கியம். 2024 ஜூலை 31, சிகாகோவில் கறுப்பினப் பத்திரிகையாளர் சங்க மாநாடு. கமலா திடீரென்று கறுப்பராகிவிட்டார் என்ற பொருளில் பேசியது எதிர்த்துப் போட்டியிட்ட டிரம்ப். அப்பா ஜமைக்காக்காரர், 1986இல் கறுப்பினத்தவர் படிக்கும் ஹாவர்ட் (ஹார்வர்ட் அல்ல) பல்கலைக்கழகப் பட்டம் என்பதெல்லாம் அப்போதே ஊரறிந்த சங்கதி. கிரவுச்சின் உள்வீட்டு விவாதத்தோடு இதைச் சேர்த்தால் இரண்டுமே கெடும்.

சட்டப் பின்னணியும் வேண்டும். வேற்றினக் கலப்பு துளி இருந்தாலும் வெள்ளையர் அல்ல என்று வர்ஜீனியா 1924இல் எழுதியே வைத்தது (செவ்விந்திய வம்சத்துக்கு மட்டும் சின்ன விலக்கு, அந்த வம்சம் என்று சொல்லிக்கொண்ட வெள்ளை மேட்டுக்குடிகளுக்காக!). 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிக்கலாம். ஆனாலும் 2010இல் ஒபாமா கறுப்பர் கட்டத்தை மட்டுமே டிக் செய்தார்.

மு. கதிரவன்:
ஆமாம். எழுதும் முன் ஒவ்வொரு சம்பவத்துக்கும் மூன்று விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: சொன்னவர், கேட்ட கூட்டம், எந்த அளவுகோல். 2012இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் ராபர்ட் கிரிஃபினைச் சீண்டியது ராப் பார்க்கர் என்ற கறுப்பின விமர்சகர், ஈஎஸ்பிஎன் விளையாட்டுச் சேனல் நேரலையில். அளவுகோல்: வருங்கால மனைவி வெள்ளைக்காரர், கிரிஃபின் ரிபப்ளிக்கன் கட்சிக்காரர் என்ற பேச்சு. பார்க்கருக்கு 30 நாள் சஸ்பென்ஷன். பிறகு ஒப்பந்தமும் நீட்டிக்கப்படவில்லை. 2020 மே மாதம் கறுப்பின நேயர்கள் நிறைந்த வானொலி நிகழ்ச்சியில், எனக்கா டிரம்புக்கா என்று குழம்பினால் நீ கறுப்பரே இல்லை என்றார் பைடன். அளவுகோல் ஓட்டு. அன்றே வருத்தம் தெரிவித்தார்.

ஒரு எச்சரிக்கை. படிக்கும் பிள்ளையை "வெள்ளைக்காரன் மாதிரி நடக்கிறான்" என்று கேலி செய்வது பற்றிய ஃபோர்தம்-ஓக்பு ஆய்வைப் (1986) பலரும் இங்கே இழுப்பார்கள். அது வாஷிங்டனின் ஒரு உயர்நிலைப் பள்ளியைப் பற்றியது. பிரபலங்களுக்குப் பொருத்தாதீர்கள்.

நெய்தல்வாசி:
மூன்றாகப் பிரித்துவிட்டேன், நன்றி. 2002இல் நியூ ஜெர்சியின் நூவர்க் நகர மேயர் தேர்தலில் நின்ற கோரி புக்கர்?

தேன்மொழி ரா:
அது தனி ரகம். எதிராளி ஷார்ப் ஜேம்ஸும் கறுப்பர், ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோரும் கறுப்பர். வெள்ளையர் புறநகரில் வளர்ந்து ஸ்டான்ஃபோர்ட், யேல் படித்த புக்கர் நம்ம ஆளா என்பதுதான் ஜேம்ஸ் தரப்புப் பிரச்சாரமே. 2002இல் எடுபட்டது. 2006இல் ஜேம்ஸ் நிற்கவில்லை, புக்கர் சுலபமாக ஜெயித்தார். அதை வைத்து ஊர் மனம் மாறிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள்.